சாவிப் பலகை

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலை ரெபேக்கா வழக்கம்போல் கடைக்கு வந்து வீட்டுச் சாவியை நீட்டினாள். ஒரு நொடி தயங்கினாள். "அத்தை, சாவி" என்றாள்.

அதுவரைக்கும் ஆன்ட்டிதான். இருதயமேரி சாவியைப் பலகையில் மாட்டிவிட்டு, அந்தப் பெண் ஸ்டேஷன் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். மகன் பிரைட்டனுக்கு இவள்தான் என்று அவள் மனசுக்குள் முடிவு செய்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர்களுக்குத்தான் நேரம் பிடித்தது.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் நாற்பத்தோரு ஆணி அடித்த பலகை. மும்பை செம்பூரின் அந்தச் சந்தில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வீட்டுச் சாவியை ஜோன்ஸ் ஸ்டோர்ஸில் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறுவார்கள். பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளும். எந்தச் சாவியிலும் பெயர் கிடையாது. சிவப்பு நூல் கட்டியது ஆட்டோ நாகராஜ் வீடு. ஊக்கு மாட்டியது தையல்கார ஆஷிக் வீடு. பிளாஸ்டிக் மீன் தொங்குவது ரெபேக்காவும் அவள் அம்மா கிரேஸ்புஷ்பமும் இருக்கும் எதிர்வீடு. இருதயமேரி திரும்பிப் பார்க்கவே வேண்டாம், கை தானாக அந்த ஆணிக்குப் போகும்.

ஒரு காலத்தில் ஜோன்ஸ் ஸ்டோர்ஸ் நாலு இருந்தது. தாராவி, கோவண்டி, முலுண்ட், செம்பூர். அவள் கணவன் தனசீலனின் அண்ணன் ஜோன்ஸ் ஆரம்பித்த கடைகள். நாலிலும் ஒரே மஞ்சள் போர்டு, பச்சை எழுத்து, ஒரே மாதிரி கண்ணாடி ஜாடிகள். புதன்கிழமை ரயில் பார்சலில் கருப்பட்டியும் சீனிமிட்டாயும் வந்து இறங்கினால், அன்று சாயங்காலம் நாலு கடையிலும் ஒரே வாசனை. மற்ற மூன்றும் மூடி நாளாயிற்று. முலுண்ட் கடை இருந்த இடத்தில் இப்போது இரவு பகலாக பைக்குகள் நிற்கின்றன. பத்து நிமிஷத்தில் சாமான் கொண்டுபோகிற கிடங்காம் அது.

இந்தச் சந்து வீடுகளையும் இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று மழைக்கு முன்பே போர்டு நட்டுவிட்டார்கள். இரண்டாயிரமாம் வருஷத்துக்கு முன்னாலிருந்து குடியிருந்தவர்களுக்கு இங்கேயே மாடியில் வீடு. பிறகு வந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே எங்கோ வாடகை வீடு. கிரேஸ்புஷ்பத்தின் விண்ணப்பத்தில் ஏஜென்ட் குடிவந்த வருஷம் தொண்ணூற்றெட்டு என்று எழுதியிருந்தான். அது நிஜமில்லை என்று சந்துக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஃபைலோடு வந்த கணக்கெடுப்பு ஆட்கள் கடையில் நின்று கேட்டபோது இருதயமேரியும் "மாலும் நஹி", தெரியாது என்று சொல்லி உளுந்து நிறுக்கப் போய்விட்டாள்.

அப்புறம்தான் அம்மு வந்தாள்.

முப்பது வயதிருக்கும். காட்டன் குர்தா, தோளில் துணிப்பை. கடைக்கு எதிரே நின்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆன்ட்டி, இது அதே ஜோன்ஸ் ஸ்டோர்ஸா? நான் முலுண்ட்ல வளர்ந்தவ. ஸ்கூல் விட்டு வரச்சே உங்க கடைல நின்னு தேன் மிட்டாய் வாங்காம ஆத்துக்குப் போனதே கிடையாது. கல்லால ஒரு அங்கிள், காதுல பென்சில் வச்சிண்டு..."

"ஐயோ, அது எங்க பெரியத்தான்லா!"

கடையின் பழக்கம் ஒன்று உண்டு. எந்தக் கிளையின் பழைய வாடிக்கையாக இருந்தாலும் வெளியே நிற்கவைக்கக்கூடாது. கல்லாவுக்கு உள்ளே ஸ்டூல், கையில் ஒரு தேன் மிட்டாய். ஜோன்ஸ் வைத்த சட்டம். அம்மு ஸ்டூலில் உட்கார்ந்து மிட்டாயை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

இந்த மாதிரிக் கடைகளெல்லாம் காணாமல் போவதற்குள் பதிவு செய்துவைக்க ஆசை என்றாள். "ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமா ஆன்ட்டி? நீங்க பேசறதே அழகா இருக்கு." கழுத்தில் ஒரு அடையாள அட்டை. படம் இருக்கும் பக்கம் குர்தாவை ஒட்டித் திரும்பியிருந்தது.

வாரம் இரண்டு தடவை வந்தாள். ஒவ்வொரு சாவியாகக் காட்டி, இது யாரோடது, அவர்கள் முதல் முதலில் கடைக்கு வந்தபோது என்ன வாங்கினார்கள் என்று கேட்பாள். இத்தனை வருஷத்தில் இருதயமேரியிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்கக் கேட்க நினைவு வந்தது. நாகராஜ் கல்யாணமான கையோடு வந்து சேமியா கேட்டது. ஆஷிக் நோன்புக் காலத்தில் குடிவந்து பேரீச்சம்பழம் கேட்டது. "அது எந்த வருஷம் ஆன்ட்டி?" என்பாள் அம்மு, சிரித்துக்கொண்டே.

"அந்தப் புள்ள ஏன் தேதியவே திருப்பித் திருப்பிக் கேக்கா?" என்றார் தனசீலன் ஒருநாள்.

"கதை எழுதுகவளுக்குத் தேதி வேண்டாமா? உங்களுக்கு எல்லாரையும் சந்தேகம். என்னையவே பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, ஜாடையா எங்க அம்மைட்ட வயசு கேட்ட ஆளுல்லா நீங்க."

"கேட்டதுனாலதான ஒரு வயசு கூட சொன்னாவன்னு தெரிஞ்சிது" என்று அவர் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் பலகையை ஒருமுறை பார்த்தார்.

அந்த வாரம் கதவுகளில் சிவப்புப் பெயின்ட் எண்கள் வந்தன. நாகராஜ் கதவில் பதினேழு. ஆஷிக் கதவில் பதினெட்டு, அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு. கோடு எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. பெயின்ட் அடித்த பையன்களுக்கும் தெரியவில்லை. காகிதத்தில் இருந்தபடி அடித்தோம் என்றார்கள்.

அடுத்த தடவை அம்மு வந்தபோது பலகையில் பிளாஸ்டிக் மீனைத் தொட்டாள். அது மெல்ல ஆடியது.

"இது ரொம்ப க்யூட். யாருது ஆன்ட்டி?"

இருதயமேரிக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? "எங்க மருமகளுக்கு" என்று ஆரம்பித்தாள். பிரைட்டன் எட்டாவது படிக்கிற சமயம். மழையில் ஒரு டெம்போ வந்து நின்றது. ஒரு அம்மாவும் ஒரு பிள்ளையும். வீட்டுக்காரர் தவறி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளை கடைக்கு வந்து துடைப்பம், உப்பு, பால் கேட்டது. கையில் கிடந்த பிளாஸ்டிக் மீனை விடவே இல்லை. பிரைட்டன் கல்லாவில் நின்றவன், உப்புக்குப் பதில் சீனியைக் கட்டிக் கொடுத்துவிட்டான். அன்றைக்குக் குழம்பில் சீனி போட்ட கதையை கிரேஸ்புஷ்பம் நிச்சயதார்த்தத்தில்கூடச் சொல்லிச் சிரித்தாள்.

அம்முவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எட்டாவதுன்னா?"

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. ஜூலை மாசம்."

சொல்லிவிட்டு இருதயமேரி தண்ணீர் எடுக்கக் குனிந்தாள். அம்முவும் பையை எடுக்கக் குனிந்தாள். அடையாள அட்டை குர்தாவிலிருந்து விலகித் திரும்பியது. இடித்துக் கட்டப் போகிறவர்கள் சந்து முனையில் நட்டிருந்த போர்டில் உள்ள அதே முத்திரை.

மறுநாள் எதிர்வீட்டுக் கதவில் இருபத்திரண்டு. கீழே ஒரு கோடு.

இருதயமேரி ஒவ்வொரு கதவாக நடந்து பார்த்தாள். கோடு விழுந்த ஆறு வீடும், இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவர்கள் என்று அவள் வாயால் சொன்ன ஆறு வீடு. வேறு ஒன்றும் இல்லை.

கடைக்குள் வந்து அம்முவுக்கு போன் போட்டாள்.

"நான் தப்பா சொல்லிட்டேம்மா. அவுக தொண்ணூத்தெட்டுலயே வந்துட்டாவ. மாத்திரு தாயி."

"ஆன்ட்டி, அந்த உப்புக் கதைய ஆபீஸ்ல எல்லாரும் கேட்டா. என் மேடம் அழுதுட்டா, தெரியுமா?" அம்முவின் குரலில் பொய் இல்லை. அதுதான் இருதயமேரிக்குப் பயமாக இருந்தது. "உங்ககிட்ட ஒரு சந்தோஷமான விஷயம் சொல்லணும். புது பில்டிங்ல கீழ ஒரு கார்னர் ஷாப் வைக்கறோம். இதே மஞ்சள் போர்டு, இதே ஜாடி. ஜோன்ஸ் ஸ்டோர்ஸ்னே பேர். உங்களுக்குத்தான்."

"எனக்கு இருக்கட்டும். அந்த வீட்ட மாத்த முடியாதா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க எழுதிக் குடுக்கலாம். சொன்னது தப்புன்னு. ஆனா ஒண்ணு சொன்னது தப்புன்னா எல்லாமே தப்புன்னு ஆயிடும் ஆன்ட்டி. உங்க கடை எப்போலேர்ந்து இருக்குங்கறதுக்கும் நீங்க சொன்னதுதானே ஆதாரம். பேப்பர்லாம் வெள்ளத்துல போயிடுத்துன்னேளே."

தனசீலன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் போனை வைத்தபோது ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார். அண்ணன் வைத்த மஞ்சள் போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இருதயமேரி தேதி எழுதினாள். 'ஐயா' என்று எழுதினாள். யாரோ சோப்பு கேட்டார்கள். தாளைத் தேன் மிட்டாய் ஜாடிக்கு அடியில் வைத்தாள்.

புதன்கிழமை ரெபேக்கா வந்தாள். "அத்தை, சாவி. கதவுல அந்தக் கோடு என்னன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லட்டி. சும்மா எதாவது இருக்கும்."

வியாழக்கிழமையும் மீன் வந்து ஆணியில் தொங்கியது. நாளைக்கு எழுதிவிடலாம் என்று இருதயமேரி நினைத்தாள். கல்யாணம் ஆனால் அவள் இங்கேதானே வரப்போகிறாள், கிரேஸ்புஷ்பத்தையும் நம்மோடு வைத்துக்கொண்டால் ஆயிற்று என்றும் நினைத்தாள். அப்படி நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை நல்ல வியாபாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜாடியைத் தூக்கினாள். தாளில் ஜாடியின் வட்டம் பதிந்திருந்தது. அதன்மேல் ஜாடியைத் திரும்ப வைத்தாள்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் முடிந்து எல்லோரும் திரும்புகிற நேரத்தில் பட்டியலை ஒட்டினார்கள். சந்தின் நோட்டீஸ் எல்லாம் எப்போதும் ஒட்டுகிற இடத்தில், ஜோன்ஸ் ஸ்டோர்ஸின் பாதி இறக்கிய ஷட்டரில்.

மராத்தியில் இருந்தது. ரெபேக்காதான் உரக்க வாசித்தாள், மற்றவர்களுக்காக. முதல் வரிசை: கடை, தகுதி உண்டு. பதினேழு, உண்டு. பதினெட்டு, இல்லை. ஆஷிக் "மறுபடி பாரு மகளே" என்றார். அவள் மறுபடி வாசித்தாள். கடைசிக் கட்டத்தில் காரணம் என்று ஒன்று இருந்தது. இல்லை என்றிருந்த ஆறுக்கும் ஒரே காரணம். அதை வாசிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"கடைக்காரம்மா சொன்னது."

யாரும் கத்தவில்லை. இருதயமேரி கத்துவார்கள் என்று நினைத்திருந்தாள். ஆஷிக் கல்லா முன்னால் வந்து கையை நீட்டினார். அவள் ஊக்கு மாட்டிய சாவியை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டுக்காரி வந்தாள். அப்புறம் ஒருவர். தகுதி உண்டு என்றிருந்த நாகராஜும் வந்து, முகத்தைப் பார்க்காமல், சிவப்பு நூலை வாங்கிக்கொண்டு போனார். ஆணிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. பிரைட்டன் சந்துக்கு அந்தப் பக்கம், கிரேஸ்புஷ்பத்தின் பக்கத்தில் நின்றான். கடைக்குள் வரவில்லை.

கடைசியாக ரெபேக்கா வந்தாள். உப்பு வாங்க வந்த அன்று நின்ற அதே இடம்.

"ரெபேக்கா, நான்..."

"ஆன்ட்டி" என்றாள் அவள். "எங்க சாவி."

இருதயமேரி திரும்பிப் பார்க்கவில்லை. கை தானாக அந்த ஆணிக்குப் போயிற்று.