புண்ணுக்கு ஆகாதது

விடிந்தும் விடியாமலும் நாங்கள் ஒன்பது பெண்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கடியில் குனிந்துவிட்டோம். சேற்றில் புதைந்த உதிரிப் பழங்களை விரலால் தோண்டிச் சாக்கில் போட வேண்டும். மட்டை முள் நகக்கண்ணில் ஏறும். எங்கள் தோட்டத்துப் பக்கம் இதை லேசான வேலை என்பார்கள். சொல்கிறவன் ஒரு நாள் குனிந்து பார்க்கட்டும்.

செல்லாயி அக்கா மட்டும் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பொறுக்கினாள். இனிப்புநீரால், அதாவது சர்க்கரை வியாதியால், மரத்துப்போன கால். மூன்று வாரத்துக்கு முன் பூட்ஸ் ஓட்டை வழியே ஏறிய முள் அவளுக்கு உறைக்கவே இல்லை. இப்போது உள்ளங்காலில் புண் குழி விழுந்து நாறுகிறது.

அதில் என் பங்கும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரியான நான்தான், "முட்டை, மீனு தொடாதக்கா, சீழ் வைக்கும்" என்று பத்தியம் போட்டேன். மூன்று வேளையும் வெறுங்கஞ்சி, சீனி போட்ட கோப்பி. நேற்று கிளினிக்கில் நர்ஸ் மிஸி தக்ஷாயினி என்னைத்தான் பிடித்து உலுக்கினார்.

"பட்டினி போட்டா சதை எப்படிம்மா வளரும்? முட்டை, மீன், பருப்பு, கீரை குடுங்க. கஞ்சியக் கொறைங்க, சீனிய நிப்பாட்டுங்க. ரெண்டு வாரம் காலை ஊனவே கூடாது, கட்டு மாத்த வரணும். இல்லாட்டி கால எடுக்க வேண்டி வரும்."

நல்லது செய்வதாக நினைத்து அவளைக் கெடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இன்று காலை அவித்த முட்டையை உரித்து நானே ஊட்டினேன். பயந்து பயந்துதான் விழுங்கினாள். டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி. விடுப்புச் சீட்டு மடியில் இருந்தும், வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடுமே என்று வேலைக்கு வந்திருந்தாள்.

எட்டு மணிக்கு கொன்ட்ரெக்டர் மகேந்திரன் லாரியோடு வந்தான். நான் அக்காவிடம் சீட்டை வாங்கி அவனிடம் நீட்டினேன்.

"ரெண்டு வாரமா? வேற ஆளப் போட்டுருவேன், வீட்டையும் காலி பண்ணட்டும். இனிப்புநீர் வந்தது என் தப்பா?"

"நாலு மாசமா பூட்ஸு கேக்குறோம்ண்ணே. ஓட்டை பூட்ஸுல முள்ளு ஏறுனது யாரு தப்பு?"

"வேலையப் பாரு நவமணி. ஒன் பேரையும் வெட்டணுமா?"

"எல்லார் பேரையும் வெட்டுங்க" என்றாள் பின்னாலிருந்து சாந்தினி. சாக்கைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "அக்காவுக்குச் சம்பளத்தோட லீவு, கிளினிக்குக்கு வண்டி. அதுவரைக்கும் ஒரு பழம் ஏறாது."

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தோம். மகேந்திரன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

செல்லாயி அக்கா மரத்தைப் பிடித்து எழப் பார்த்தாள். "எனக்காக நீங்க எதுக்குடி வேலையக் கெடுத்துக்கிறீங்க? நான் பொறுக்குறேன்."

"நீ எழுந்திரிச்சா காலு போயிரும்க்கா. உக்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். இரண்டு பேர் அவள் காலைத் தூக்கித் தங்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள். எதிரே லாரி காலியாகவே நின்றது.