பதினோராம் தேதியின் மழை

புத்தகம் அச்சுக்குப் போக ஐந்து நாள் இருந்தபோதுதான் அந்தப் பக்கம் புள்ளியக்காவின் கண்ணில் பட்டது.

அந்தப் பதிப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிழை திருத்துவது அவள் வேலை. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் வந்த பெயர், பத்தொன்பது வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

தேர்வு வழிகாட்டிகளும் அகராதிகளும் போட்டுக்கொண்டிருந்த பதிப்பகம் அது. மூன்று வருடத்துக்கு முன்பு பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட, அது எதிர்பாராமல் நன்றாகப் போனது. அதன் சூட்டோடு இன்னொன்று. இரண்டிலும் அட்டையில் பனிக்கரடி. இரண்டையும் வாங்கியவர்கள் முதல் அத்தியாயத்திலேயே பயந்துபோய் மூடிவைத்துவிட்டதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். "அடுத்தது கரடி இல்லாம ஒண்ணு வேணும்" என்று தேடிக்கொண்டிருந்த பதிப்பாசிரியரிடம் வந்து சேர்ந்தவர்தான் இந்த நூலாசிரியை. வானிலை ஆராய்ச்சி செய்பவர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். உலகம் சூடாவதை எங்கோ உட்கார்ந்து யாரோ கண்டுபிடிக்கவில்லை. தினமும் கடல் மட்டத்தைக் குறித்தவர்கள், மரம் பூத்த தேதியை எழுதிவைத்தவர்கள், மழையை அளந்தவர்கள், இவர்களின் குறிப்பேடுகளிலிருந்துதான் தெரியவந்தது என்று அவர்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதியிருந்தார்.

நான்காம் அத்தியாயத்துக்கு 'ஒரு நாளும் தவறாமல்' என்று தலைப்பு. ஒரே மழைமானியில் நாற்பத்தோரு வருடம் தினமும் காலை எட்டரைக்கு மழையை அளந்த ஒரு மனிதரைப் பற்றியது. பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து நாட்கள் என்று கணக்குப் போட்டிருந்தது. லீப் வருடங்களைச் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. இன்னும் நாலு வரி படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பெயர் போடாவிட்டால் என்ன, அக்கம்பக்கத்தில் எல்லாரும் 'மில்லிமீட்டர்' என்று கூப்பிடும் ஒரே மனிதர் அவளுடைய அண்ணன்தான். நோட்டும் கையுமாக ஒரு பெண் வந்து நாலு மணி நேரம் பேசிவிட்டுப் போனதாகப் போன வருடம் போனில் சொன்னான். அது இதற்குத்தானா!

பெருமையோடு பக்கத்தைப் புரட்டினாள். அண்ணனின் பழைய குறிப்பேட்டிலிருந்து ஒரு மாதத்தைப் படமாகப் போட்டிருந்தார்கள். மழை கொட்டித் தீர்த்த மாதம் என்று கீழே விளக்கம். மாதத்தையும் வருடத்தையும் பார்த்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் மகன் பிறந்த மாதம் அது. எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, பிள்ளையும் தாயும் பிழைப்பார்களா என்று தெரியாமல் கிடந்த நாட்கள். கணவன் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். செய்தி கேட்டதும் போட்ட சட்டையோடு பஸ் ஏறி வந்தவன் அண்ணன். ஆறாம் தேதியிலிருந்து பதினான்கு வரை, ஒன்பது நாள், ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சை விட்டு அவன் நகரவில்லை. ஆனால் குறிப்பேட்டில் அந்த ஒன்பது நாளும் மழை அளக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் நேரே அண்ணனின் சுருக்கொப்பம்.

பூதக்கண்ணாடியை எடுத்தாள். அண்ணனின் எண்கள் அணிவகுப்பில் நிற்பதுபோல நெட்டுக்குத்தாக நிற்கும். ஆறாம் தேதியிலிருந்து எண்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நான்கெல்லாம் தலை திறந்திருந்தது. வேறொருவர் கை. அதற்கு நடுவில், பதினோராம் தேதியில் மட்டும், 14.4 என்று நெட்டுக்குத்தாக ஓர் எண். அதன் அடியில் காகிதம் தேய்ந்து வெளுத்திருந்தது. எதையோ அழித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. தகவலைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுவும் அண்ணன் தவறியது யாருக்காக? அவளுக்காக அல்லவா? அவளே காட்டிக்கொடுப்பதா? இன்னொரு பயமும் இருந்தது. உலகம் சூடாவதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புத்தகத்தையும் பொய் என்பார்கள். ஆனால் ஒரு புள்ளியையே விடாதவளுக்கு இதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை. பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் விடுமுறையில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அண்ணன் ஆடும் நாற்காலிக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?"

"உன்னைப் பத்தி புத்தகத்துல வந்திருக்குண்ணா" என்று பக்கத்தை மேசையில் விரித்தாள். "நீ ஆஸ்பத்திரியில என்கூட இருந்தியே. அப்போ இதை யாரு எழுதினது?"

அண்ணனின் முகம் சுண்டிப்போனது. சுத்தியலைக் கீழே வைத்தான். பதில் அண்ணியிடமிருந்து வந்தது.

"நான்தான். வேற யாரு? வீட்டுக்குப் பின்னால நாலு எட்டுல இருந்துச்சு மழைமானி. தினமும் எட்டரைக்குப் போவேன், கண்ணாடிக் குவளையில ஊத்துவேன், கண்ணுக்கு நேரா வச்சுப் பாப்பேன், எழுதுவேன். இவர் அளக்கிறதைப் பாத்துப் பாத்துப் பழகினதுதானே. ஆனா கையெழுத்து நான் போடலை."

"அது நான் வந்து போட்டது" என்றான் அண்ணன் மெதுவாக. "வேற ஆள் தொடக்கூடாதுன்னு விதி. லீவும் சொல்லலை. தெரிஞ்சா வேலை போயிடும்."

"அப்போ பதினொண்ணாம் தேதி?"

மடித்த துணியையே அண்ணி மறுபடி பிரித்து மடித்தாள்.

"அன்னிக்குக் காலையில போனா மழைமானி கவுந்து கிடக்குது. காத்தோ, நாயோ. தண்ணியெல்லாம் மண்ணுல. நான் 'தெரியலை'ன்னு எழுதினேன்" என்றாள்.

"அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்கன்னு சொல்லியிருந்தாங்க" என்றான் அண்ணன். "ஒரு இடம் காலியா இருந்தா அதைத்தான் முதல்ல கேப்பாங்க. பக்கத்து நிலையத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். பதினாலு புள்ளி நாலுன்னாங்க. அதையே போட்டுட்டேன். நாப்பத்தோரு வருஷத்துல அந்த ஒண்ணுதாம்மா. தொண்டையில மாட்டின முள்ளு மாதிரி கிடக்குது. அந்தப் பொண்ணு வந்து 'ஒரு நாளும் தவறலையா'ன்னு கேட்டப்போ சொல்லியிருக்கணும். தலையை ஆட்டிட்டேன்."

"முள்ளு உங்களுக்கு மட்டுமா?" என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "பொய் எழுதினீங்க, அது உங்க வேலைக்காக. சரி. ஆனா நான் எழுதினதை அழிச்சீங்களே. எனக்குத் தெரியாததைத் தெரியலைன்னுதானே எழுதினேன்? அதுல என்ன தப்பு? அதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் போகலை. நீங்க அதையாவது கவனிச்சீங்களா?"

அண்ணன் கவனித்திருக்கவில்லை. அது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தங்கை என்ன செய்யப்போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து அவளிடம் நீட்டி, "நீ போய்ச் சொல்லிடும்மா" என்றான்.

திங்கட்கிழமை காலை பதிப்பகத்துக்கு வந்த நூலாசிரியை ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த அத்தியாயமே 'ஒரு நாளும் தவறாமல்'தான் அக்கா."

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன்."

"ஒரு நாள் கணக்கு மாறினா என் வரைபடத்துல கோடு ஒரு மயிரிழைகூட நகராது. அதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. தெரிஞ்சும் அப்படியே விட்டா, நாளைக்கு எந்தக் கோட்டைக் காட்டி நம்பச் சொல்லுவேன்?" கொஞ்சம் யோசித்தார். "உங்க அண்ணிகிட்டப் பேசலாமா?"

போன் போட்டுக் கொடுத்தாள். அண்ணி முதலில் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு என்னம்மா தெரியும்? ஊத்தினேன், பாத்தேன், எழுதினேன்."

"நாங்க எல்லாருமே அதைத்தாம்மா செய்யறோம்" என்றார் நூலாசிரியை. அதற்குப் பிறகு பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது.

அத்தியாயம் இரண்டு நாளில் திருத்தி எழுதப்பட்டது. நாட்களின் கணக்கில் கடைசி எழுபத்தைந்து, எழுபத்து நான்கானது. எட்டு நாள் அளந்தவர் யார் என்று ஒரு பத்தி சேர்ந்தது. தலைப்பு 'தெரியவில்லை' என்று மாறியது. பதிப்பாசிரியர்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டிருந்தது. பின்னட்டையில் கொட்டை எழுத்தில் 'ஒரு நாளும் தவறாமல் மழையை அளந்த மனிதர்!' இருந்தது.

"பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு உள்ள வச்சிடலாம் சார்" என்றாள் புள்ளியக்கா.

"யாரு சொல்றது, நீங்களா? உங்க கை பட்ட புத்தகத்துல பிழைதிருத்தச் சீட்டா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நானே எழுதித் தரேன்" என்றாள். எழுதியும் கொடுத்தாள். பின்னட்டையில் இருப்பது தவறு, ஒரு நாளின் எண் அளந்து எழுதியதல்ல என்று மூன்றே வரி. அதிலும் ஒரு காற்புள்ளியை நாலு தடவை போட்டு எடுத்தாள்.

அண்ணன் தன் பழைய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினான். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தேதியின் அளவு இனிமேல் நேரடி அளவாகக் கொள்ளப்படாது, தெரிவித்ததற்கு நன்றி என்று இரண்டே வரி. ஏதேதோ நடக்கும் என்று பயந்திருந்தவனுக்கு அந்த இரண்டு வரி கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

புத்தகம் வந்த பிறகு ஒரு நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். அண்ணனும் அண்ணியும் வந்து கடைசி வரிசையில் புள்ளியக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நூலாசிரியை பேசி முடித்ததும் நடுவரிசையில் ஒருவர் எழுந்து, துண்டுச் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு எண் பொய்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்போ மத்ததை மட்டும் எப்படி நம்பறது?"

நூலாசிரியை வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"அது பொய்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இந்தச் சீட்டுதான்."

"சீட்டை யாரு வச்சது? நாங்கதானே? நீங்க வந்து கண்டுபிடிச்சீங்களா?"

அரங்கம் சிரித்தது. கேட்டவரும் சிரித்துவிட்டார். அண்ணிக்கு அப்போதுதான் வெட்கம் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்துகொண்டாள். கூட்டம் முடிந்ததும் இரண்டு பெண்கள் புத்தகத்தோடு வந்து அவளிடம் கையெழுத்துக் கேட்டார்கள். "நான் எழுதலைங்க" என்று மறுத்தவள், அவர்கள் அந்தப் பத்தியை விரித்துக் காட்டிய பிறகு, பேனாவை வாங்கி நிதானமாகப் போட்டாள்.

வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. மூவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். தெருமுனையில் அண்ணன் நின்றுவிட்டான்.

"அன்னிக்கு நான் அழிச்சிருக்கக்கூடாது" என்றான், மனைவியைப் பார்த்து.

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"சரி, நடங்க. பஸ் போயிடும்."