இரண்டு இருநூற்றுப் பதினான்கு

ஆஸ்பத்திரித் தாளில் நோய்க்கிருமி இல்லை என்று வந்த அன்றுதான் அழகன் தன் மகளை முதன்முதலாகத் தூக்கினான். அவள் பிறந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. காசநோயாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அதுவரை அவன் லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பிலேயே படுத்தான். மனைவி ஷாமிலா கதவுக்குள் நின்றபடி குழந்தையைக் காட்டுவாள்.

தாள் வந்து ஒரு வாரமாகியும் இருமல் நிற்கவில்லை. பனிதான் காரணம் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

அன்று வேலை முடிந்ததும் டிஸ்பென்சர் பேரின்பநாயகம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தோட்டத்து மருந்துக்கு அவர்தான் பொறுப்பு. டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் கீழ்ப்பிரிவு மீனம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் சோதனைக்குச் சளி கொடுத்தவள்தான். அவளுக்குத் தாள் வரவில்லை.

"அழகன், வாரும். ஒரு பிழை நடந்திட்டுது. டவுன் ஆஸ்பத்திரியோட இப்பதான் போனில கதைச்சனான்" என்றார் டிஸ்பென்சர்.

அந்தத் தோட்டத்தில் அழகன்கள் பலர். மீனம்மாக்கள் இன்னும் அதிகம். அதனால் சளி டப்பாவில் பெயர் எழுதுவதில்லை. சம்பளமும் பறித்த கொழுந்தும் செக்ரோல் என்ற பதிவேட்டில் எந்த நம்பரில் பதியப்படுகிறதோ அதையே எழுதி அனுப்புவார்கள். ஆனால் மேற்பிரிவுக்கு ஒரு செக்ரோல், கீழ்ப்பிரிவுக்கு வேறொன்று. இரண்டும் ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்கும். மேற்பிரிவில் 214 அழகன். கீழ்ப்பிரிவில் 214 மீனம்மா. ஆஸ்பத்திரியில் கையால் எழுதிய காலத்தில் ஒரே நம்பர் இரண்டு வரியில் கிடக்கும், யாராவது கவனித்துக் கேட்பார்கள். இந்த வருடம் அங்கே கொம்பியூட்டர் வந்திருந்தது. அது ஒரு நம்பருக்கு ஒரு முடிவைத்தான் வைத்துக்கொள்ளும். பிந்திப் போன மீனம்மாவின் சளி முடிவைப் பதிந்தபோது அழகனுடையது அழிந்துவிட்டது.

"அப்ப எனக்கு வந்த தாளு?"

"அது மீனம்மாட. 214 எண்டு ஒரே தாள்தான் வந்தது, உமக்கெண்டு நினைச்சுத் தந்திட்டன்."

மீனம்மா சிரித்தாள். "அடப்பாவி, எஞ்சளி சுத்தம்னு வந்த தாள வச்சிக்கிட்டா நீ புள்ளையத் தூக்கிக் கொஞ்சுன?" அவன் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு என்னாங்கையா வந்துச்சு?"

"அது ஒருத்தருக்கும் தெரியாது. திரும்பவும் சளி தரவேணும். இந்தமுறை பேர், தகப்பன் பேர், பிரிவு எல்லாம் எழுதிறன்."

கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டும். அழகன் டப்பாவை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினான்.

ஷாமிலா குழந்தையோடு வாசலில் நின்றாள். "இந்தாங்க, புடிங்க. ரொட்டி கருகுது."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசல் வடிகாலான கானுக்கு அந்தப் பக்கமே நின்று நடந்ததைச் சொன்னான். அவள் திட்டவில்லை. குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒங்க சளிய மறுபடி சோதிப்பாங்க, சரி. ஒரு கெழமையா இவ மூஞ்சிக்கு நேரா இருமுனீங்களே. இவள யாரு சோதிக்கிறது?"

அதை அவன் கேட்காமலே வந்துவிட்டான்.

"டிஸ்பென்சரி பூட்டியிருப்பாங்க."

"டிஸ்பென்சர் ஐயா குவாட்டர்ஸ்ல இருப்பாருல்ல. நடங்க."

அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அவளும் வந்தாள். அவன் முன்னால் இறங்கினான். முதல் வளைவில் இருமல் வந்தது. காற்று கீழேயிருந்து மேலே, பின்னால் வந்தவளின் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. அவன் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நின்று, அவர்கள் இருவரையும் முன்னால் போகவிட்டான்.