கொடிக்காரன்

மேசையின் ஒரு முனையை இடுப்பால் முட்டிக்கொடுத்து, மறுமுனையைச் சுவரோரம் இழுத்துக்கொண்டிருந்தபோது டம்ளர் சரிந்தது. கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி டம்ளர். அது தரையில் விழுந்து உருண்டு, நாற்காலிக் காலில் இடித்து, கீறல்கூட இல்லாமல் நின்றது. உடைந்தது அதற்குள் இருந்தவன்.

டயர்க்கடைக்காரர் மேசையை அப்படியே விட்டுவிட்டு முழங்காலிட்டார். விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் சிப்பாய் ஒருவன் குப்புறக் கிடந்தான். அவன் உயர்த்திப் பிடித்திருந்த சிவப்புக் கொடி கம்போடு முறிந்து தனியாகக் கிடந்தது.

சற்று முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போனில் பேசியிருந்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"கையெழுத்தெல்லாம் போட்டாச்சுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கொண்டு வந்துடுவோம். முன் ரூமைக் காலி பண்ணுங்க, அவனை அங்கதான் வைக்கணும். மேசை மேல டம்ளருக்குள்ள கொடிக்காரனை மூடி வெச்சிருக்கான். நேத்து மத்தியானம்தான் முடிச்சான். மருந்துக்கடைத் தம்பிகிட்ட குடுக்கச் சொன்னான். மத்ததெல்லாம் எப்படிப் போனாலும் போகுது, அதை மட்டும் பத்திரமா எடுத்து வைங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றிருந்தார். பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

போனவன் அவளுடைய தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒடிந்த காதுக் கம்பிகளும் தளர்ந்த திருகுகளும் சரிசெய்வது அவன் பிழைப்பு. கல்யாணப் பேச்சை எடுத்தாலே சிரித்து மழுப்பிவிட்டு, அக்கா வீட்டு முன் அறையிலேயே நாற்பதைக் கடந்தவன். வேலைவிட்டு வந்ததும் விளக்கைத் தாழ இறக்கி மேசையில் உட்காருவான். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து சிப்பாய்களின் தலையையும் கைகால்களையும் நறுக்கியெடுத்து, பிசிறு போக உரசி, ஒட்டி, கறுப்புப் பூசி, அதன்மேல் நிறம் நிறமாக ஏற்றுவான். கண் வரைய இரண்டு மூன்று மயிர் மட்டும் உள்ள தூரிகை ஒன்று வைத்திருந்தான். வரையும்போது மூச்சை நிறுத்திக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துக்கடைக்காரன் தன் படையைப் பஞ்சு வைத்த பெட்டியில் கொண்டு வருவான். இருவரும் இரண்டு படைகளையும் எதிரெதிரே நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் தூரம் அளந்து அளந்து சண்டை போடுவார்கள்.

"என்ன மேஜர், டேப்பும் கையுமா நிக்கிற? போர் நடத்தப் போறியா, ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்பார் இவர்.

"உங்களுக்குத் தைக்கணும்னா இந்த டேப் பத்தாது அத்தான்" என்பான் அவன், தலை நிமிராமல்.

மேஜர் என்பது இவர் கேலிக்கு வைத்த பெயர். அது தெருவெங்கும் பரவி, சிறுநீரகம் கைவிட்டு அவன் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்த காலத்தில் நர்ஸ்கூட அப்படித்தான் கூப்பிட்டாள். "பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிற நேரத்துல செவுத்துக்கு அடிச்சிருந்தா வீடாவது வெளுத்திருக்கும்" என்று இவர் சொல்லாத வாரம் இல்லை. கெட்ட மனம் கிடையாது. வாய் அப்படி. ஆனால் அந்த வாய்தான் இன்று மனைவி முன்னால் நிற்கப்போகிறது. 'கை தவறிவிட்டது' என்றால் யார் நம்புவார்கள்? தம்பி கடைசியாகச் செய்தது. ஒன்றே ஒன்றைக் கேட்டாள். அதுவும் இவரால் ஆகவில்லை என்றால், அவள் திட்டமாட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

ஒட்டிவிடலாம் என்று நினைத்தார். ஒட்டுவது தெரியாத வேலையா? எத்தனை டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிய கை! மேசை இழுப்பறையில் சூப்பர் க்ளூ இருந்தது. கடையில் சொல்யூஷனைத் தடவுவதுபோலவே தாராளமாகப் பிதுக்கி, விரலாலேயே பரப்பி, கொடிக்கம்பைச் சிப்பாயின் கையில் பொருத்தி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்தார். டியூப் என்றால் அப்படித்தான் பிடிக்க வேண்டும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிப்பு.

பிடித்தது. விரல்களை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இழுத்தார். தோல் உயிரோடு இழுபட்டது. சிப்பாயின் தோளில் நிறம் விரிசல் விடுவதுபோல இருந்தது. இழுப்பதை நிறுத்தினார்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

நாலு பேர் அவனை உள்ளே தூக்கி வந்தார்கள். அவர் இடது கையால் கதவைத் திறந்துவிட்டார். வலது கையைச் சட்டையோடு சேர்த்து மூடி வைத்துக்கொண்டார். மனைவி உள்ளே வந்து, தம்பியின் தலைக்குக் கீழே மடித்த போர்வையை வைத்தாள். முன் அறையில் வெளிச்சம் நன்றாக விழும். அதற்காகத்தான் அவன் அந்த அறையைக் கேட்டு வாங்கினான். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் வீக்கம் வடிந்து பழையபடி இருந்தது. இடது கட்டைவிரல் நகத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. தூரிகை முனை சரியாகக் கூடியிருக்கிறதா என்று நகத்தில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அவன் பழக்கம். ஆஸ்பத்திரியில் கழுவியும் போகவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண்ணாடிக்கடை முதலாளி வந்தார். கை நீட்டியவர்களிடமெல்லாம் டயர்க்கடைக்காரர் இடது கையைக் கொடுத்தார். வலது கை முட்டியாகவே இருந்தது.

"பாத்தீங்களா?" என்று மாடி வீட்டு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. "துக்கத்தை அடக்க முடியாம கையை எப்படி முறுக்கிக்கிட்டு நிக்கறாரு! என்னமோ கேலி பண்ணிட்டே இருப்பாரே தவிர, உள்ளுக்குள்ள உசுரு."

அவருக்கு உடம்பு கூசியது. செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்குவதைவிட, இல்லாத நல்லதுக்குப் புகழ் வாங்குவது பெரிய தண்டனை.

பெரியவர் ஒருவர் பிரார்த்தனை சொன்னார். எல்லோரும் கைகூப்பினார்கள். டயர்க்கடைக்காரர் மூடிய வலது கைமேல் இடது கையை வைத்துக்கொண்டு தலை குனிந்தார். கூப்பாத கையையும் கடவுள் தள்ளிவிடமாட்டார் என்றுதான் தோன்றுகிறது; பிடிக்கக்கூடாததைப் பிடித்து விடமுடியாமல் நிற்கிறவர்களைத்தானே அவர் அதிகம் பார்க்கிறார். இவருக்கு அது தெரியவில்லை. 'சாமி, இவகிட்ட எப்படிச் சொல்றது' என்பதைத் தவிர அவருக்கு ஒரு பிரார்த்தனையும் வரவில்லை.

மருந்துக்கடைக்காரன் கடைசியாக வந்தான். ஒல்லியான ஆள்; கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்த அவசரம் சட்டையில் தெரிந்தது. நண்பனின் காலருகே வெகுநேரம் நின்றான். பிறகு சுவரோரம் நின்ற டயர்க்கடைக்காரரிடம் வந்தான். இடது கையைப் பற்றியவன் வலது முட்டியைப் பார்த்தான். விரல்களின் ஓரம் வெண்மையாகப் பூத்திருந்தது. அந்த வெண்மையை அவன் தன் விரல்களிலேயே எத்தனையோ முறை பார்த்தவன்.

"அண்ணே" என்றான் மெதுவாக. "ஒட்டிக்கிச்சா?"

அவர் பின்கட்டுக்கு நடந்தார். அவனும் வந்தான். துணி துவைக்கும் கல்லருகே நின்று கையைத் திருப்பிக் காட்டினார். விரல்களுக்கு நடுவிலிருந்து உள்ளங்கைப் பக்கமாகக் கொடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"உனக்குன்னு செஞ்சது தம்பி. நான் மேசையை இழுத்தேன்... உடைஞ்சு போச்சு. சரி பண்ணிடலாம்னு பாத்தா இப்படி ஆயிடுச்சு. வேணும்னு செய்யல."

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"பஞ்சருக்கு ஊத்துற மாதிரி."

மருந்துக்கடைக்காரனின் வாயோரம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. "ஒரு பொட்டு போதும்ணே. குண்டூசி முனையில தொட்டு வெச்சா போதும்." கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கடையில அசிட்டோன் இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வரேன். உடனே பிரிஞ்சிடும்." கொடியின் சிவப்பைப் பார்த்தான். "ஆனா பெயின்ட்டும் கரைஞ்சிடும்."

"கரைஞ்சா?"

"போனது போனதுதான்."

"அப்ப வேணாம்."

"தூக்கறப்போ கை வேணுமேண்ணே. இல்லேன்னா வெந்நீர்ல சோப்புப் போட்டு ஊற வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். நேரமாகும். தோலும் கொஞ்சம் போகும்."

"தோலு வளரும்" என்றார் அவர். "இடது தோள்ல தூக்கிக்கறேன்."

மருந்துக்கடைக்காரன் அந்தக் கையை விடாமலே நின்றான். "போன வருஷம் ஒரு குதிரைக்குக் கால் ஒடிஞ்சுதே, அதுவும் நீங்கதானே?"

அவர் தலையை ஆட்டினார். சோற்றுத் தட்டு வைக்க இடமில்லை என்று அவசரமாக நகர்த்தியபோது நடந்தது.

"அக்காகிட்ட, தன் கையிலதான் ஒடிஞ்சதுன்னு சொல்லிட்டதா மேஜர் சொன்னான். 'அத்தான் மூஞ்சியைப் பாக்க முடியலடா, சாப்பிடாம எழுந்துட்டாரு'ன்னான். அந்தக் காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி வரைஞ்சு, மறு வாரமே சண்டைக்கு இறக்கினான். அந்தக் குதிரையை வெச்சு என்னைத் தோக்கடிச்சான்ணே."

உள்ளே யாரோ, "நேரமாச்சு, தூக்கலாமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

இடது தோளில் தூக்கினார். பழக்கமில்லாத தோள், நடை ஒருபக்கமாக இழுத்தது. பின்னால் தூக்கியவன், "மாத்திக்கறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டான். மாற்றிக்கொள்ளவில்லை. பாரம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நோய் தின்றது போக மீதியைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது கையை நெஞ்சோடு வைத்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் கொடிமுனை உள்ளங்கையில் குத்தியது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மருந்துக்கடைக்காரன் கிளம்பும்போது, "நாளைக்குச் சாயங்காலம் வரேன்க்கா" என்றான். கொடிக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மனைவி முன் அறையைக் கூட்டினாள். பிறகு அவள் கண் மேசைக்குப் போனது. வெறும் டம்ளர் நிமிர்ந்து நின்றது.

"ஏங்க, கொடிக்காரனை எங்க வெச்சீங்க?"

அவர் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். அவள் பார்த்தாள். விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"காலையிலேருந்தா?"

"ம்."

"இந்தக் கையோடயா போயிட்டு வந்தீங்க?"

"நான்தான் உடைச்சேன்" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "மேசையை இழுக்கறப்போ. அந்தக் குதிரையும் நான்தான். அவன் உன்கிட்ட—"

"தெரியும்."

"சொன்னானா?"

"அவன் கை தவறாதுங்க. கண்ணுக்குள்ள கண்ணு வரையறவன். எனக்குத் தெரியாதா?" விளக்குமாற்றை மூலையில் சாய்த்தாள். "தன் கையில ஒடிஞ்சதுன்னு அவன் சொன்னான். நானும் நம்பின மாதிரி இருந்துட்டேன். உக்காருங்க."

வெந்நீர் கொண்டுவந்தாள். சோப்பைக் கரைத்தாள். தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பாத்திரத்தில் அமிழ்த்தி, விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே தையல் நூலொன்றை நுழைத்து, முன்னும் பின்னும் மெல்ல இழுத்தாள். நீர் ஆறியதும் மாற்றினாள். வலித்தபோது அவர் பல்லைக் கடித்தார். அவள் நிறுத்துவாள், அவர் தலையை ஆட்டியதும் மறுபடி இழுப்பாள். தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

நடுவிரல் முதலில் வந்தது. பிறகு ஆள்காட்டி. கட்டைவிரல் வந்தபோது தோலில் ஒரு கீற்றைச் சிப்பாயிடமே விட்டுவிட்டு வந்தது. அவள் அவனைத் துணியில் ஒற்றியெடுத்து ஜன்னல் கட்டையில் நிறுத்தினாள். கொடி கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் நின்றது. தோளில் மட்டும் ஒரு கடுகளவுக்கு நீலம் பெயர்ந்து அடிக்கறுப்பு தெரிந்தது.

"நாளைக்கு அந்தத் தம்பி வருமே" என்றாள்.

"ஒரு பொட்டு வெச்சா மறைஞ்சிடும்" என்றார். "ஒரே பொட்டு. குண்டூசி முனையில."

இழுப்பறையைத் திறந்தார்கள். சின்னச் சின்னக் குப்பிகள் வரிசை வரிசையாக. நீலமும் சாம்பலும் மட்டுமே ஒரு கைப்பிடி இருந்தன. இத்தனை நீலம் உலகத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சிப்பாயின் தோளருகே பிடித்தார்.

"இதுவா?"

"இல்ல. அது ரொம்ப நீலம்."

"இது?"

"இன்னும் கொஞ்சம் மங்கல்."

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கடியில் வரையலாம், நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் தேர வேண்டும், விளக்கில் மாறித் தெரியும் என்று அவன் சொல்லி இருவருமே கேட்டிருந்தார்கள். அதனால் போடவில்லை. அவள் அடுத்த குப்பியை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். கலக்குவதற்காக அவன் உள்ளே போட்டிருந்த எஃகுக் குண்டு சன்னமாக ஓசையிட்டது.