பன்னிரண்டு அடித் தண்ணீர்

திருச்செங்கோட்டு தீர்த்தகிரி இருபத்தெட்டு வருடமாக ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஒன்பது மாநிலம் சுற்றிப் போர் போட்டவர். கடற்கரைப் பக்கம் மட்டும் போனதே இல்லை. இந்த முறை ரிக்கை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி பிரபாவோடு காரில் பழவேற்காட்டிலிருந்து பழைய துறைமுக ஊர்களாகப் பார்த்துக்கொண்டு நிதானமாகத் தெற்கே இறங்கினார். பிரபாவின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்க, பத்து நாளைக்குத் தொழில் பேசக்கூடாது. ஒரு போருக்கு ஒத்துக்கிட்டாலும் நான் பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிருவேன்."

பிரபா சொன்னால் செய்கிறவள்.

மனுஷன் வாயைக் கட்டினார், கண்ணைக் கட்ட முடியவில்லை. அவள் கோட்டையையும் கலங்கரை விளக்கத்தையும் பார்க்கும் நேரத்தில், இவர் பக்கத்துச் சந்தில் நுழைந்து யார் வீட்டிலாவது தண்ணீர் வாங்கிக் குடிப்பார். கடலூரில் ஒரு பழங்கிணற்றுத் தண்ணீர் இனித்தது. அடுத்த வீட்டில் அறுபது அடி போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. பரங்கிப்பேட்டையிலும் அதே கதை. ஆழம் போனால்தான் தண்ணீர் என்றே பழகிய மண்டைக்கு இது பிடிபடவே இல்லை.

தரங்கம்பாடியில், கடலிலிருந்து ஐம்பது தப்படி தூரத்தில், மீன் விற்கும் சகாயம்மாள் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தாள். தீர்த்தகிரி காரை நிறுத்தி இறங்கி எட்டிப் பார்த்தார். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

"மழைத்தண்ணித் தொட்டிங்களாம்மா?"

"தொட்டியா? ஊத்துக் கிணறுய்யா! பன்னெண்டு அடி. தெருவே இதைத்தான் குடிக்குது."

ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். சர்க்கரைதான் போடவில்லை. அதற்குள் அவள் காரின் பின்கண்ணாடியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டாள்.

"போர் போடுறவங்களா? கடவுளே அனுப்புன மாதிரி வந்தீங்க. நூறு அடி இறக்கி மோட்டார் வச்சுத் தாங்களேன். இறைச்சு இறைச்சுத் தோளே போச்சு."

பிரபா அவரையே பார்த்தாள். தீர்த்தகிரிக்குக் கை பரபரத்தது. நூறு அடி அவருக்கு ஒரு வேலையா! கடலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். நாலு நாளாகப் பிடிபடாதது சட்டென்று பிடிபட்டது. மணலில் இறங்கிய மழைத்தண்ணீர், கீழே கிடக்கும் உப்புத்தண்ணீர் மேல் பாலாடை போல நிற்கிறது. குத்தினால் கிழிந்துவிடும்.

"வேண்டாங்கம்மா. யாரு வந்தாலும் ஆழம் போக உடாதீங்க. உப்பு மேல ஏறிக்கும், தெருவுக்கே குடிதண்ணி போயிரும். இந்தக் கிணத்துலயே சின்ன மோட்டாரா வச்சு, கொஞ்சங்கொஞ்சமா எடுங்க."

"எனக்குப் பயந்து சொன்னீங்களா?" பிரபா மெல்லக் கேட்டாள்.

"இல்ல புள்ள." போர் வேண்டாம் என்று அவர் ஒருவருக்குச் சொன்னது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

சகாயம்மாள் விடவில்லை. "உங்க ஊர்ல எத்தனை அடியில தண்ணி?"

ஒன்பது மாநிலத்திலும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதில்தான். இன்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஆயிரத்தி எரநூறுங்க. போன வருசம் எங்க வெவசாயக் காட்டுல அத்தனை அடி போட்டும் தண்ணியில்லாம வெறும் புழுதிப் புகைதான் வந்துது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா கதை விடுறீங்கய்யா!"

பிரபா சிரிக்கவில்லை. தீர்த்தகிரிக்கு வெட்கமாக இருந்தது. காலிச் சொம்பை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றார்.