வழுக்காத தரை

சிரம்பான் டைல் கடைக்குள் நுழைந்ததும் நீலாவதியின் கண்கள் நேராக அந்த வெள்ளை டைலில் போய் நின்றன. போர்சலின். கூரையில் எரிந்த விளக்கு முழுசாக அதற்குள் இறங்கி, கிணற்றில் விழுந்த நிலா மாதிரி கிடந்தது. கல்யாணமான நாள் முதல் சுவா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கருஞ்சிமெண்டுத் தரையைத் தேய்த்த கை அவளுடையது. தோட்டம் கைமாறி, பாரோயில் சொந்தமாக ஒரு தாமான் குடியிருப்பு வீடு வாங்கியதிலிருந்து அவள் கனவெல்லாம் வெள்ளைத் தரைதான்.

கனவுக்கு நடுவே வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. போன மாசம் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: உன் புருஷனுக்கு ஈரலில் கட்டி, தீபாவளியைப் பார்ப்பது சந்தேகம். வெளியே காத்திருந்த வீரமுத்துவிடம் அவள், "வயித்துப் புண்ணாம், காரம் சேக்கக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறாள். அவருக்கு எதுவும் தெரியாமலே புது வீட்டில் சிரித்துக்கொண்டு சில நாளாவது இருந்துவிட வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

வீரமுத்து வெள்ளை டைலைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடையின் கோடியில், சொரசொரப்பான சாம்பல் டைல் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இது நல்லாருக்கு நீலா."

"இதுவா? லயத்துத் தரையவே பேத்து எடுத்துட்டு வந்திருக்கலாமே! வீட்டுக்கு வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"வர்றவங்களுக்காகத்தான் சொல்றேன்."

கடை முதலாளியான சீனத் தௌக்கே சிரித்தார். "அம்மாவுக்கு வெள்ளை, அண்ணனுக்குச் சாம்பல். வீட்டுக்கு நடுவுல கோடு போட்டுக்குங்கலா!" என்றார் மலாயில்.

வீரமுத்து தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று தௌக்கே ஒரு குவளை கொண்டுவந்தார். வீரமுத்து அதில் பாதியை வெள்ளையிலும் மீதியைச் சாம்பலிலும் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பார்த்தார். வெள்ளையில் கால் சர்ரென்று போனது. நீலாவதி பாய்ந்து தோளைப் பிடித்தாள். சட்டைக்குள் எலும்புதான் கைக்கு வந்தது.

"ஹால்ல ஈரக்காலோட யாருங்க நடக்கப் போறா?"

"நம்ம கூட்டாளி நல்லசாமி செத்து, தூக்குன அன்னிக்கு நீயும்தான இருந்த? குளிப்பாட்டுன தண்ணி வாசல் பூரா நின்னுச்சு. அதே காலோட உள்ள வந்து சவப்பெட்டியத் தூக்குனானுங்க. கண்ணாடி மாதிரி தரை. ஒருத்தன் வழுக்கி, பெட்டி கதவுல போய் மோதுச்சே. நல்லசாமி சம்சாரம் கத்துன கத்து இன்னும் காதுல கெடக்கு. உனக்கு அது வேணாம்."

நீலாவதி பிடித்த தோளை விடவில்லை.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? கெட்டுப்போன மீன வாங்கிட்டு வந்தேன், அதுக்கும் சிரிக்கிற. போன மாசத்துலேர்ந்து ஒரு திட்டு இல்ல. இத்தன வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

வேகமான தமிழ் புரியாத தௌக்கே, புருஷன் பெண்டாட்டி சண்டை முடிந்தது என்று நினைத்து அருகே வந்தார். சாம்பல் இப்போது கையில் இல்லையாம். கிள்ளானிலிருந்து வரவேண்டும், ஒன்றரை மாசமாவது ஆகும், தீபாவளி நெருங்கிவிடும். வெள்ளை என்றால் நாளைக்கே லாரியில் ஏற்றலாம்.

வீரமுத்து சாம்பலை ஒருமுறை பார்த்தார். "அவ்வளவு நாளா..." என்று இழுத்தார். "அப்ப வெள்ளையே போட்டுக்க நீலா. உனக்கும் அதான ஆசை."

"சாம்பல்தான்!"

அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"வர்றப்ப வரட்டும். நீங்க நின்னு எறக்கணும். ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் தௌக்கேகிட்ட நீங்கதான் சண்ட போடணும். எனக்கு அந்த அளவுக்கு மலாய் வராது. ஒன்றர மாசம் இருந்துதான் ஆகணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார்.

ஈரக்காலைச் செருப்புக்குள் நுழைக்க முடியாமல் அவர் தடுமாறினார். அவள் குனிந்து மாட்டிவிட்டாள். குனிந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.