மூன்று முயலுக்கு ஒரு தட்டு

முயல் எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னை இளகிய மனசுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்திலோ குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது, மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் விட்டுப் போன மூன்று குட்டிகள். "ஒரே வாரம். ஆள் பாத்துக் குடுத்துடறேன்" என்றார். ஆறு வருஷம் ஆயிற்று. கூண்டில் போடவும் மனசு வரவில்லை அந்தப் புண்ணியவானுக்கு. கூடமே அவற்றுக்கு என்று ஆகிவிட்டது. ஃபிரிட்ஜ் வயர், டிவி வயர் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டினார். மூலையில் ஒரு பெரிய தட்டு, அதில் மரத்தூள், பக்கத்தில் காய்ந்த புல் கூடை. தின்றுகொண்டே புழுக்கை போடும், போட்டுக்கொண்டே தின்னும். அப்படி ஒரு பிறவி.

பெயர் வைத்ததும் அவர்தான். சாம்பல் நிறத்தில் காது தொங்கிக்கொண்டு கனமாக இருந்தது மாமியார். மற்ற இரண்டும் வந்து அதன் நெற்றியை நக்கிவிட வேண்டும், அது யாரையும் நக்காது. வெள்ளையாக, எப்போதும் அதன் பின்னாலேயே திரிந்தது மருமகள். கறுப்பு, மாப்பிள்ளை. எதை வைத்தாலும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், யாரும் பார்க்காதபோது முழுசையும் காலி பண்ணும். என் நிஜ மாமியார் இருந்திருந்தால் இந்தப் பெயருக்கு வீடு ரெண்டாகியிருக்கும்.

நான் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் தரையைத் தொட்டும் தொடாமலும் அரை விரல் இடம் விட்டுத் தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுத் திரைகள் மட்டும், வளர்ந்த பிள்ளைக்குப் போட்ட பழைய கால்சட்டை மாதிரி, ஒரு முழம் மேலேயே நிற்கும். கீழே இருந்ததையெல்லாம் மாமியார் தின்றுவிட்டது. இந்த மனுஷனோ இஸ்திரி போட்ட யூனிஃபார்மோடு தரையில் படுத்து அதைக் கொஞ்சுவார். சட்டையெல்லாம் முடி. நான் கத்துவேன். கத்தக்கூட ஆள் வேண்டும் என்று அப்போது தெரியவில்லை.

எட்டு மாதம் முன்னால் ஒரு திங்கட்கிழமை, ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர் தூங்குகிறார் என்றே நினைத்தாராம்.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது வேறு ஊரில் ஹாஸ்டலில் இருந்தாள். கடைசி வருஷம், கடைசிப் பரீட்சைகள், இன்னும் நாலு பாக்கி. அவருடைய அண்ணன் வந்து என் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "இப்ப சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. ஒரு வருஷம் போயிடும். எழுதி முடிக்கட்டும்மா. அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்." நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு யார் எது சொன்னாலும் தலையை ஆட்டினேன். தண்ணீர் குடி என்றார்கள், ஆட்டினேன். கையெழுத்துப் போடு என்றார்கள், ஆட்டினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தினம் காலையில் அவர் முயல்களைப் படமெடுத்து அவளுக்கு அனுப்புவார். ஹாஸ்டலில் அவளுக்கு அதுதான் விடியல். செவ்வாய் காலை படம் போகாவிட்டால் சந்தேகப்படுவாள் என்று, அவர் போனில் நானே படமெடுத்து அனுப்பினேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு படம். அவளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு பொம்மை அனுப்பினாள். சனிக்கிழமை பெட்டியோடு வந்து இறங்கி, கூடத்தைப் பார்த்து, "அப்பா எங்க?" என்றாள். எனக்குப் பக்குவமும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் பேச்சு "ம்" என்ற ஒரு எழுத்தில் நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். சாப்பிட்டியா, ம். போயிட்டு வரியா, ம். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தற்காலிகமாகச் சீட்டு எழுதினாள். வந்தால் தட்டில் இருப்பதைக் கோழி மாதிரிக் கிளறுவாள், எழுந்துவிடுவாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அழுகை வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. வாய் பேசாத மூன்று முயல், வாய் பேசாத ஒரு பெண், நான். நல்ல குடும்பம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. அவள் வேலைக்குப் போன பிறகு கூடத்தைப் பெருக்கினேன். தையல் மெஷினுக்குப் பின்னால் மாமியார் காலை நீட்டிப் படுத்திருந்தது. விளக்குமாற்றால் லேசாகத் தள்ளினேன். விறைத்திருந்தது.

மூன்று முயலுக்கு ஒரே தட்டு. தினமும் நான்தான் அள்ளிக் கொட்டுகிறேன். புழுக்கை குறைந்தால் வயிறு நின்றுவிட்டது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தட்டில் இருந்தது, இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு தின்று, ஒன்று பட்டினி கிடந்திருக்கிறது. அதுவும் வலியை வெளியில் காட்டாத பிராணி. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதை முகர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் புதன்கிழமை என் பெண்ணுக்கு நிரந்தர வேலைக்கான இன்டர்வியூ. ஆறு மாதத்தில் அவள் ஆசைப்பட்டு எழுதிப் போட்ட ஒரே விண்ணப்பம் அது. அது மட்டும்தான் என் தலையில் ஓடியது. மருமகளைக் கையால் ஒதுக்கினேன். மாமியாரைத் துண்டில் சுற்றி, செருப்பு வாங்கிய பெட்டியில் அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. துண்டோடே எடுத்துப் போனேன். கட்டிடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் காவலாளி குழி வெட்டிக் கொடுத்தார். திரும்பி வந்து கூடம் முழுக்கப் பினாயில் போட்டுத் துடைத்தேன். அது படுத்த சாக்கை அலசிப் போட்டேன். பத்தரைக்குக் கடையில் இருந்தேன். கைகாரிதான் நான்.

சாயங்காலம் அவள் வந்து கூடத்தில் நின்றாள். "மாமியார் எங்க?" என்றாள்.

எட்டு மாதத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"சரியா சாப்பிடல. டாக்டர்கிட்ட விட்டிருக்கேன். ரெண்டு நாள் இருக்கட்டும்னாங்க."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் அவள் இன்டர்வியூவுக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், புல் கூடை வைத்தபடி இருந்தது. தட்டு சுத்தம். மாப்பிள்ளை மெஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது, கட்டிலுக்கு அடியில் பார்த்தது, திரும்ப மெஷினுக்குப் பின்னால் வந்தது. அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் பின்னங்காலால் தொம் தொம்மென்று தரையைத் தட்டியது. கடைக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து ஊசி போட்டாள். என் பெண்ணைவிட நாலு வயசு மூத்திருப்பாள். "வீட்ல என்ன மாற்றம்?" என்றாள். சொன்னேன்.

"செத்துப்போனதை இதுங்களுக்குக் காட்டினீங்களா?"

"காட்டறதா?"

"ஒரு மணி நேரம் பக்கத்துலயே விட்டிருக்கணும்மா. முகர்ந்து பாக்கும், நக்கும், சிலது ஏறி மிதிக்கும்கூட. அப்புறம் தானா விலகிப் போயிடும். புரிஞ்சுக்கும். திடீர்னு எடுத்துட்டீங்கன்னா அதுங்களுக்கு அது சாகல. காணாமப் போயிருக்கு. தேடிக்கிட்டேதான் இருக்கும், சாப்பிடாது."

நான் கூடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் முயலைப் பற்றித்தான் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்.

"இப்ப ஏதாவது காட்ட முடியுமா?" என்றேன்.

"புதைச்சாச்சுல்ல. இனிமே முடியாது." ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும் கரைத்துக் கொடுக்கும் மாவும் எடுத்து வைத்தாள். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டுங்க. நாளைக்குள்ள வயிறு வேலை செய்யலைன்னா ரெண்டும் கஷ்டம். தனியா ஊட்ட முடியாது, ஒருத்தர் பிடிச்சுக்கணும். பக்கத்துலயே இருங்க. வேற வழியில்ல."

வீட்டுக்கு வந்து தனியாக முயன்று பார்த்தேன். மாவு என் புடவையில், மாப்பிள்ளை கட்டிலுக்கு அடியில். நாலு மணிக்கு அவள் வந்தாள். இன்டர்வியூ எப்படி என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. "இங்க வந்து பிடி" என்றேன். அவள் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், மருமகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாயோரமாகச் சிரிஞ்சைக் கொடுத்தேன்.

"மாமியார் செத்துப்போச்சு. நேத்துக் காலையிலயே. நான்தான் புதைச்சேன். உனக்கு இன்டர்வியூ இருக்கேன்னு சொல்லல."

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீ ஒருநாளும் பினாயில் போட மாட்ட. முயலுக்கு ஆகாதுன்னு அப்பா தூக்கிப் போட்டாரே, நீ எங்கயோ ஒளிச்சு வெச்சிருந்திருக்க." மருமகளின் நெற்றியை ஒரு விரலால் தடவினாள். "அன்னிக்கும் தெரியும்மா."

"என்னிக்கு?"

"அந்த நாலு படம். அப்பா எப்பவும் தரையில குப்புறப் படுத்து எடுப்பார். முயலோட கண்ணு நேரா என்னைப் பாக்கும். அந்த நாலும் நின்னுக்கிட்டு எடுத்தது. வெறும் முதுகு." மருமகளைச் சுற்றிய துண்டைச் சரிசெய்தாள். "முதல் படத்துலயே ஏதோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. நீ போன் பண்ணி அழுவேன்னு பாத்தேன். பண்ணல. நானும் கேட்கல. கேட்டா நிஜமாயிடும்னு பயம். கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப, நான் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்திருப்பேன். சிரிப்பு பொம்மை அனுப்பிட்டுப் பரீட்சை எழுதினேன். எழுதினேன்மா நான்."

சிரிஞ்சு என் கையில் அப்படியே நின்றது. எட்டு மாதம் என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பாவி. இவள் தன்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறாள். ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிட்டோம், யார் பட்டினி என்று நான் பார்க்கவே இல்லை.

"நான் காட்டியிருக்கணும்" என்றேன். "பரீட்சையாவது மண்ணாங்கட்டியாவது. உனக்குக் காட்டியிருக்கணும்."

"இப்ப சொல்லு. எப்படி இருந்தார்?"

சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. யூனிஃபார்ம் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை, நான் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லி நாலு நாளாக மறந்திருந்தேன். வலது கை நகத்தில் க்ரீஸ். இடது கன்னத்தில் அன்று காலை ஷேவிங்கில் பட்ட கீறல். வாய் லேசாகத் திறந்து, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறவர் மாதிரி. சட்டையின் முன்பக்கம் பூராவும் சாம்பல் முடி. யாரோ ஒரு அம்மாள் அதைத் தட்டிவிடப் போனாள். நான் விடவில்லை. "அப்படியே இருக்கட்டும்னேன்டி. முடியோடதான் போனார்." அந்த இடத்தில் என் குரல் உடைந்தது. நின்றுபோன லிஃப்ட் உலுக்கிக்கொண்டு நகர்கிற மாதிரி எங்கிருந்தோ கிளம்பி வந்தது அழுகை. அவளும் அழுதாள். மருமகள் துண்டிலிருந்து வழுக்கி இறங்கிப் போய்விட்டது, இரண்டு பேரும் பிடிக்கவில்லை.

ஏழு மணிக்கு ஊட்டினோம், பத்து மணிக்கு ஊட்டினோம், இடையில் தரையிலேயே தட்டை வைத்து நாங்களும் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். அங்கேயே பாய் விரித்துப் படுத்தோம்.

விடிந்து பார்த்தால் தட்டில் ஏழு புழுக்கை. எண்ணினேன், சிரிக்காதீர்கள். ஒரு பக்கம் பெரிசாக மூன்று, இன்னொரு பக்கம் சின்னதாக நாலு. யாருடையது எது என்று குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு புல் மென்றுகொண்டிருந்தது. மருமகள் அதன் காதோரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் கடைக்குப் புடவை கட்டியாயிற்று. ஒரு நிமிஷம் யோசித்தேன். கதவைச் சாத்திவிட்டு, கட்டிய புடவையோடு தரையில் குப்புறப் படுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. என் போனை முயல்களின் கண்ணுக்கு நேரே வைத்து ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது: "மாப்பிள்ளையோட ஒரு காதைக் காணோம். மறுபடி எடும்மா."

மறுபடி படுத்தேன்.